தோள் டெண்டன் வலி: டேப்பா, ரிஹாப்பா, ஊசியா, ஆபரேஷனா?

தோள்ல டெண்டன் (தசையை எலும்போட இணைக்கற நார்) வலி வந்த ப்ளேயர் கேக்கற முதல் கேள்வி பெரும்பாலும் "டேப் ஒட்டிக்கிட்டு இந்த மேட்ச் ஆடிடலாமா"தான். அடுத்தது "எம்ஆர்ஐ எடுக்கணுமா". எக்சர்சைஸ் பத்தின கேள்வி கடைசியாதான் வரும், அதுவும் டேப் ஒட்டி ஊசியும் போட்டுப் பாத்து ஒண்ணும் சரிப்பட்டு வரலங்கற நேரத்துல. கலர் டேப், வெள்ளை ரிஜிட் டேப், ரிஹாப் (எக்சர்சைஸால தோளைத் திரும்பப் பலப்படுத்தறது), சும்மா ரெஸ்ட், ஊசி, ஆபரேஷன்னு எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எது எந்த நேரத்துக்குன்னு பாக்கலாம். நடுநிலைன்னு நடிக்க மாட்டேன், எனக்கு ஒரு கட்சி இருக்கு: டேப்பும் ரிஹாப்பும் ஒரே வேலைக்குப் போட்டி போடற ரெண்டு ஆளே இல்ல. டேப் இன்னிக்கு வலியைக் கொஞ்சம் தள்ளி வைக்கும், ரிஹாப் அந்த டெண்டன் எவ்வளவு லோடு தாங்கும்ங்கறதையே மாத்தும். ரெண்டுல ஒண்ணுதான் முடியும்னா யோசிக்கவே வேணாம், ரிஹாப்தான்.

அதுக்கு முன்னாடி எது அடிபட்டிருக்குன்னு தெரியணும். தோள் மூட்டைச் சுத்தி சுப்ராஸ்பினேட்டஸ், இன்ஃப்ராஸ்பினேட்டஸ், டீரஸ் மைனர், சப்ஸ்காபுலாரிஸ்னு நாலு தசை இருக்கு, இந்த நாலோட டெண்டன் சேந்ததுதான் ரோட்டேட்டர் கஃப். கை எந்தப் பக்கம் போனாலும் மேல்கை எலும்போட உருண்டையை அந்தச் சின்ன குழியோட நடுவுலயே பிடிச்சு வைக்கறதுதான் இதோட வேலை. பந்து எறியறவங்களுக்கு இன்னொரு வேலையும் கூடுது, பந்து கையை விட்டுப் போன அப்புறம் முன்னாடி பறக்கற கையை பிரேக் போட்டு நிறுத்தறது. பேஸ்பால் பிட்சரோட கை உள்பக்கம் சுழற்ற வேகம் செகண்டுக்கு 7000 டிகிரிக்கு மேலன்னு அளந்திருக்காங்க, அவ்வளவு வேகத்தையும் பின்பக்கத்துல இருக்கற ரெண்டு மூணு சின்ன தசைதான் நிறுத்தணும். பௌலிங், ஜாவலின், டென்னிஸ் சர்வ், வாலிபால் ஸ்பைக் எல்லாமே இந்தக் குடும்பம்தான். நீச்சல்காரங்களுக்கு வேகம் கம்மி, எண்ணிக்கை ஜாஸ்தி, வருஷத்துக்கு லட்சக்கணக்குல கை சுத்தறாங்க. ஸோ பெரும்பாலான கேஸ்ல ஒரே நாள்ல எதுவும் உடைஞ்சிடல, லோடு ஏறின வேகத்துக்கு டெண்டன் ஈடு குடுக்க முடியாம போயிருக்கு, அவ்வளவுதான்.

இப்படி மெதுவா வந்த வலியோட அடையாளம் ஓரளவு தெளிவா இருக்கும். கையைப் பக்கவாட்டுல தூக்கும்போது சுமார் 60 டிகிரில ஆரம்பிச்சு 120 வரைக்கும் வலிக்கும், அதைத் தாண்டினா குறையும், அந்தப் பக்கமா ஒருக்களிச்சுப் படுத்தா ராத்திரி தூக்கம் போகும், வலி மேல்கையோட வெளிப்பக்கம் இறங்கும். ஆனா கீழ விழுந்தோ யாராவது கையை இழுத்தோ "டப்"புன்னு ஒரு சத்தம் கேட்டு அன்னையிலேர்ந்து கையைத் தூக்கவே முடியலன்னா அது வேற கதை, தோள் கழண்டு திரும்ப உள்ள போன மாதிரி இருந்தாலும் வேற கதை, கழுத்துலேர்ந்து விரல் வரைக்கும் மரத்துப் போனாலும் வேற கதை. இந்த மூணுக்கும் டேப் கடைக்குப் போகாதீங்க, நேரா எலும்பு டாக்டர்கிட்ட போங்க. அதே மாதிரி வளர்ற வயசுப் பசங்க, ஒரு 11லேர்ந்து 16 வயசுன்னு வச்சுக்கலாம், எறிஞ்சு எறிஞ்சு தோள் வலிக்குதுன்னு சொன்னா அது டெண்டனே இல்லாம மேல்கை எலும்போட வளர்ச்சித் தட்டுல வந்த அடியா இருக்கலாம். அந்த வயசுப் பையனுக்கு டேப் ஒட்டி மேட்சுக்கு அனுப்பற கோச்சைப் பாத்தா எனக்குக் கோவம்தான் வரும். எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டு எறியறதை நிறுத்தணும், அவ்வளவுதான் அங்க ஆப்ஷன்.

ஸ்கேன் பத்தியும் இங்கயே சொல்லிடறேன், ஏன்னா ரிப்போர்ட்டைப் பாத்து பயந்துதான் நிறைய பேர் தப்பான ஆப்ஷனுக்குப் போறாங்க. 2003ல வந்த ஒரு ஸ்டடில தோள்ல எந்த வலியும் இல்லாத 20 டாப் லெவல் ஓவர்ஹெட் ப்ளேயர்ஸுக்கு எம்ஆர்ஐ எடுத்தாங்க, எறியற கை பக்கம் 8 பேருக்கு, அதாவது 40 சதவீதம் பேருக்கு, கஃப் பாதியோ முழுசோ கிழிஞ்சு தெரிஞ்சுது, இன்னொரு பக்கம் ஒருத்தருக்கும் இல்ல. 5 வருஷம் கழிச்சு கேட்டப்பவும் அவங்க யாரும் அந்தத் தோளுக்கு வைத்தியம் பாக்கல. அதனால "பார்ஷியல் டேர்"னு, அதாவது பாதி கிழிசல்னு, ரிப்போர்ட்ல ஒரு வரி இருக்குங்கறதை மட்டும் வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க, எந்த அசைவுல வலிக்குது, எந்தப் பக்கம் பலம் குறைஞ்சிருக்குங்கறதோட அது பொருந்துதான்னு பாக்கணும்.

சரி, டேப். அந்தக் கலர் கலரா இழுத்தா நீளற டேப்பை, கைனீசியோ டேப்பை, 1970கள்ல கொண்டுவந்தவர் ஜப்பானைச் சேந்த கென்சோ காசே. உலகம் பூரா அது கண்ணுல பட்டது 2008 பீஜிங் ஒலிம்பிக்ஸ்லதான், பீச் வாலிபால் ப்ளேயர் கெர்ரி வால்ஷ் தோள்ல கறுப்பு டேப்போட ஆடி தங்கம் ஜெயிச்சாங்க, அப்புறம் எல்லா தோள்லயும் டேப்தான். அவங்க ஏற்கனவே தோள் ஆபரேஷன் பண்ணி, அதுக்கான ரிஹாப்பையும் முடிச்சு வந்தவங்கங்கறதை மட்டும் யாரும் கவனிக்கல, ரிஹாப் டிவில தெரியாதே. தோலைத் தூக்கி விடுது, ரத்த ஓட்டம் கூடுது, தசையை ஆக்டிவேட் பண்ணுதுன்னு பாக்கெட் மேல நிறைய எழுதியிருப்பாங்க, அதையெல்லாம் அப்படியே நம்ப வேணாம். தோல் மேல ஒட்டின உணர்வு மூளைக்குப் போறதால வலி கொஞ்சம் மட்டுப்படுதுங்கற விளக்கம்தான் எனக்குக் கொஞ்சமாவது ஒத்துக்கற மாதிரி இருக்கு.

ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னா, 2008ல தோள் வலி இருந்த 42 காலேஜ் ஸ்டூடண்ட்ஸை வச்சு ஒரு நல்ல ட்ரையல் பண்ணாங்க, பாதி பேருக்கு முறைப்படி ஒட்டினாங்க, பாதி பேருக்கு சும்மா பேருக்கு ஒட்டினாங்க. முறைப்படி ஒட்டினவங்க ஒட்டின உடனே வலி இல்லாம கையை சுமார் 17 டிகிரி கூடத் தூக்கினாங்க, ஆனா சில நாள் கழிச்சுப் பாத்தப்போ வலிலயோ தோளோட செயல்பாட்டுலயோ ரெண்டு குரூப்புக்கும் வித்தியாசம் இல்ல. அப்புறம் 2021ல, பல ட்ரையல்களைச் சேத்து அலசற காக்ரேன் ரிவ்யூ வந்துது, 23 ட்ரையல், ஆயிரத்துக்கும் மேல ஆளுங்க, முடிவு என்னன்னா பலன் இருக்குன்னு நம்பிக்கையா சொல்ற அளவுக்கு ஆதாரம் ரொம்ப ரொம்ப பலவீனம்னு. இதை வச்சு டேப் சுத்த வேஸ்ட்னு சொல்றவங்களும் இருக்காங்க, நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். அந்த உடனடி 17 டிகிரி எக்சர்சைஸ் பண்ண ஆரம்பிக்கறவனுக்கு ரொம்ப உதவும், வலிக்குப் பயந்து கையைத் தூக்காம இருக்கறவன் தூக்க ஆரம்பிப்பான்.

வெள்ளையா, நீளாத ரிஜிட் டேப் வேற ரகம். கீழ ஒரு மெல்லிசான ஒட்டும் துணி மாதிரி ஒண்ணை ஒட்டிட்டு அதுக்கு மேல இதை இழுத்து ஒட்டுவாங்க, தோளைப் பின்னாடி இழுத்து வைக்கறது, மேல்கை உருண்டை முன்னாடி வராம தாங்கறதுன்னு நிஜமாவே அசைவைக் கட்டுப்படுத்தும். காலர் எலும்பு முனைல அடிபட்டவங்க, தோள் கழண்டு வந்து திரும்ப கான்டாக்ட் ஸ்போர்ட்ஸ் ஆடறவங்களுக்கு இது பயன்படும். டெண்டன் வலியோட எறியற ஆளுக்கு எனக்கு இது பிடிக்காது, ஏன்னா கை முழுசா பின்னாடி போகாம தடுத்தா அவன் எறியற ஸ்டைலே மாறிடும், தோள்ல மிச்சம் பிடிச்ச லோடு முழங்கைக்குப் போகும். வேர்வைல கொஞ்ச நேரத்துல தளந்தும் போயிடும், தோலையும் கலர் டேப்பை விட ஜாஸ்தி புண்ணாக்கும். நாள் முழுக்க உக்காந்து வேலை பாக்கறவன் கூன் போடாம இருக்க ஞாபகப்படுத்தன்னு வேணா ஒட்டலாம்.

டேப் உங்களுக்கு வேலை செய்யுதான்னு கண்டுபிடிக்க யாரோட ரிவ்யூவும் வேணாம். கண்ணாடி முன்னாடி நின்னு கையைப் பக்கவாட்டுல மெதுவா தூக்குங்க, எந்த இடத்துல வலி ஆரம்பிக்குது, பத்துக்கு எத்தனைன்னு மனசுல குறிச்சுக்கங்க. டேப் ஒட்டுங்க. ரோமம் இருந்தா ட்ரிம் பண்ணி, எண்ணெய், லோஷன் எதுவும் இல்லாம துடைச்சு, டேப்போட மூலையை ரவுண்டா வெட்டி, ரெண்டு முனையையும் இழுக்காம ஒட்டி, நடுவுல மட்டும் லேசா இழுத்து, ஒட்டினப்புறம் உள்ளங்கையால நல்லா தேய்க்கணும், அந்தச் சூட்டுலதான் பசை பிடிக்கும். உடனே அதே மாதிரி கையைத் தூக்குங்க. வலி ஆரம்பிக்கற இடம் மேல போயிருக்கா, எண் குறைஞ்சிருக்கான்னு பாருங்க, ரெண்டும் மாறலன்னா வேற ஒரு இழுப்புல இன்னொரு தடவை ஒட்டிப் பாக்கலாம், அதுக்கும் மாறலன்னா உங்க தோளுக்கு டேப் தேவையில்ல, விட்டுடுங்க. மாறிச்சுன்னா 3லேர்ந்து 5 நாள் வரைக்கும் ஒட்டியிருக்கலாம், குளிக்கலாம், நீச்சலும் அடிக்கலாம். அரிச்சா, எரிஞ்சா, கொப்புளம் வந்தா அப்பவே எடுத்துடணும், எடுக்கும்போது எண்ணெய் தடவி தோலை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு ரோமம் போற திசைல உரிக்கணும், வீரமா ஒரே இழுப்புல இழுத்தா தோலும் சேந்து வரும்.

ரிஹாப் பக்கம் வந்தா ஆதாரம் கொஞ்சம் கனமாவே இருக்கு. 2012ல ஸ்வீடன்ல, ஆபரேஷனுக்கு வெய்ட்டிங் லிஸ்ட்ல இருந்த தோள் வலிக்காரங்களை ரெண்டா பிரிச்சாங்க. ஒரு குரூப்புக்குக் கஃப்புக்கும் ஸ்காபுலாவுக்கும் (தோள்பட்டை எலும்பு) குறிப்பான, லோடு படிப்படியா ஏத்தற எக்சர்சைஸ், இன்னொரு குரூப்புக்குக் கழுத்துக்கும் தோளுக்குமான சாதாரண அசைவுகள். 12 வாரம் முடிஞ்சப்போ முதல் குரூப்ல 20 சதவீதம் பேர்தான் ஆபரேஷன் வேணும்னாங்க, ரெண்டாவதுல 63 சதவீதம். வெறுமனே "எக்சர்சைஸ் பண்றேன்"ங்கறது போதாது, டெண்டனுக்கு லோடு போற எக்சர்சைஸ் பண்ணணும்ங்கறதுதான் இதுல இருக்கற விஷயம், கையைச் சும்மா வட்டமா சுத்தறதை ரிஹாப்னு நினைச்சுக்கிட்டு மாசக்கணக்குல ஓட்டறவங்க இதை ரெண்டு தடவை படிக்கணும்.

ஆனா பிசியோகிட்ட வாரா வாரம் போயே ஆகணுமாங்கறது தனிக் கேள்வி. 2021ல பிரிட்டன்ல 708 பேரை வச்சு நடந்த கிராஸ்ப் ட்ரையல்ல, ஆறு செஷன் வரைக்கும் பிசியோ கூட இருந்து பண்ணவங்களுக்கும், ஒரே ஒரு நல்ல செஷன்ல கத்துக்கிட்டு வீட்டுல பண்ணவங்களுக்கும் ஒரு வருஷம் முடிவுல பெருசா வித்தியாசமே வரல. ஸோ செலவு பிரச்சனைன்னா ஒரு தடவை நல்ல பிசியோவைப் பாத்து சரியா கத்துக்கிட்டு ஒழுங்கா வீட்டுல பண்ணாலும் வலி குறையற வரைக்கும் போகலாம். அந்த ட்ரையல்ல இருந்தவங்க சாதாரண ஜனங்க, 140 கிலோமீட்டர்ல பந்து போடறவங்க இல்ல, அதனால எறியறதுக்குத் திரும்பற கட்டத்துல மட்டும் ஒரு ஆள் பக்கத்துல நின்னு பாக்கறது நல்லதுன்னு நான் சொல்வேன்.

ரிஹாப்னா என்ன பண்ணணும்ங்கறதுக்கு ஒண்ணை மட்டும் விரிவா சொல்றேன், பாக்க ரொம்ப அல்பமா இருக்கும், ஜிம்ல பெரிய வெய்ட் தூக்கறவங்க இதைப் பண்ண வெக்கப்படுவாங்க. வலி இல்லாத பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க, மேல இருக்கற கையோட முழங்கையை 90 டிகிரி மடிச்சு உடம்போட ஒட்டி வைங்க, முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவுல ஒரு சுருட்டின டவல். கைல ஒரு கிலோ டம்பெல். முழங்கை டவலை விட்டு நகராம முன்கையை மேல் நோக்கித் திருப்புங்க, மேல ஒரு நொடி நில்லுங்க, இறக்கும்போது மூணு நாலு நொடி எடுத்து மெதுவா இறக்குங்க, ஏன்னா அந்த இறக்கம்தான் எறிஞ்சப்புறம் போடற பிரேக்குக்குப் பயிற்சி. இன்ஃப்ராஸ்பினேட்டஸும் டீரஸ் மைனரும் நல்லா வேலை செய்யற எக்சர்சைஸ்ல இது முன்வரிசைல இருக்குன்னு தசை மின்னளவு ஸ்டடிகள்ல பாத்திருக்காங்க. 15 தடவை, மூணு செட். கடைசி நாலு தடவை கஷ்டமா இருந்தா லோடு சரி, சுலபமா முடிஞ்சா ஏத்தணும். டவல் கீழ விழுந்துதுன்னா முழங்கை ஏமாத்துதுன்னு அர்த்தம், வெய்ட்டைக் குறைங்க.

இதோட பெருவிரல் மேல பாக்க கையை லேசா முன்பக்கச் சாய்வுல தூக்கறது, ரெசிஸ்டன்ஸ் பேண்டைப் பின்னாடி இழுக்கறது, புஷ்அப் மேல போனப்புறம் ஸ்காபுலாவை இன்னும் கொஞ்சம் தள்றது, இதெல்லாம் சேரும். காலும் இடுப்பும் சோம்பேறியா இருந்தா தோள்தான் எல்லா வேலையும் பண்ணும், ஸோ ஸ்குவாட், லஞ்ச் (ஒரு காலை முன்னாடி வச்சு முட்டியை மடக்கி இறங்கறது) எல்லாம் விட வேணாம். வலி ரொம்ப ஜாஸ்தியா இருக்கற முதல் வாரங்கள்ல அசைவு இல்லாம சுவத்துக்கு எதிரா அழுத்தற ஐசோமெட்ரிக்ல ஆரம்பிக்கலாம். பண்ணும்போது பத்துக்கு நாலு அஞ்சு வரைக்கும் வலிச்சா பரவால்ல, மறுநாள் காலைல பழைய நிலைக்கு வந்திருக்கணும், வரலன்னா நேத்து போட்ட லோடு ஜாஸ்தி. 12 வாரம்னு மனசுல வச்சுக்கங்க, மூணாவது வாரத்துல வலி குறைஞ்சிடுச்சுன்னு விடறவங்கதான் அடுத்த சீசன்ல அதே தோளோட திரும்ப வர்றாங்க.

முழு ரெஸ்ட் பத்தி பேச ஜாஸ்தி இல்ல. ஒரு மாசம் கையைக் கட்டி வச்சா வலி போயிடும், கூடவே டெண்டனோட தாங்கும் சக்தியும் குறைஞ்சிடும், திரும்ப வந்து அதே ஸ்பெல் போட்டா அதே வலி. எறியறதை மட்டும் குறைச்சு மத்ததைத் தொடர்றதுதான் ரெஸ்ட்.

ஸ்டீராய்டு ஊசி சில வாரம் நல்லா கேக்கும், அதுல சந்தேகம் இல்ல. ராத்திரி தூக்கமே இல்லாதவங்களுக்கு, வலியால எக்சர்சைஸே ஆரம்பிக்க முடியாதவங்களுக்கு ஒரு ஊசி ஞாயமான ஆப்ஷன். ஆனா மேலே சொன்ன கிராஸ்ப் ட்ரையல்லயே ஊசி போட்டவங்களுக்கு ஒரு வருஷத்துல கூடுதல் பலன் எதுவும் தெரியல, திரும்பத் திரும்பப் போட்டா டெண்டனுக்கே கெடுதல், வலி தெரியாம முழு வேகத்துல எறிஞ்சா கேக்கவே வேணாம். போட்டி ஆடறவங்க இன்னொண்ணைக் கட்டாயம் பாக்கணும்: 2022 ஜனவரி 1லேர்ந்து எந்த வழில ஊசியா போட்டாலும் குளுக்கோகார்டிகாய்டு, அதாவது இந்த ஸ்டீராய்டு வகை, போட்டி நேரத்துல வாடாவோட (உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு) தடை லிஸ்ட்ல இருக்கு, மூட்டுக்குள்ள போட்டாலும் சரி, டெண்டன் பக்கத்துல போட்டாலும் சரி. உடம்புலேர்ந்து வெளியேற மருந்துக்கு மருந்து நாள் வித்தியாசப்படும், அதனால மேட்சுக்கு முந்தின வாரம் "ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர்"னு கேக்கறதுக்கு முன்னாடி டீம் டாக்டர்கிட்ட எழுத்துல வாங்குங்க. பிஆர்பி ஊசி (நம்ம ரத்தத்துலேர்ந்தே பிரிச்செடுத்த பிளேட்லெட்டைப் போடறது) 2011லேர்ந்து தடைல இல்ல, ஆனா தோள் டெண்டனுக்கு அது ரிஹாப்பை விட நல்லதுன்னு சொல்ற அளவுக்கு ஒண்ணும் இல்ல, விலையோ ஜாஸ்தி.

ஆபரேஷன்ல ரெண்டு விதத்தைக் குழப்பிக்கக் கூடாது. எலும்பைச் சுரண்டி இடம் பண்ற டீகம்ப்ரஷன் ஒரு காலத்துல எல்லாருக்கும் பண்ணாங்க, 2018ல பிரிட்டன்ல 313 பேரை வச்சும் அதே வருஷம் பின்லாந்துலயும் வந்த ட்ரையல்கள்ல, உள்ள கேமரா மட்டும் விட்டுப் பாத்துட்டு எதுவும் சுரண்டாம மூடினவங்களை விட சுரண்டினவங்களுக்குச் சொல்லிக்கற மாதிரி கூடுதல் பலன் இல்ல. கிழிஞ்ச டெண்டனைத் தைக்கறது வேற, விழுந்து அடிபட்டு முழுசா கிழிஞ்ச இளம் ப்ளேயருக்கு அதைச் சீக்கிரம் பண்றதுதான் நல்லது, அங்க "மூணு மாசம் ரிஹாப் பாக்கலாம்"னு இழுத்தடிச்சா டெண்டன் சுருங்கிப் போயிடும். மெதுவா தேஞ்சு கிழிஞ்ச எறியற தோளுக்கு மட்டும் கணக்கு கொடூரமா இருக்கு. 2006ல வந்த ஒரு தொகுப்புல எறியற தோள்ல முழு கிழிசலைத் தைச்சுக்கிட்ட 12 ப்ரொஃபஷனல் பேஸ்பால் பிட்சர்கள்ல 1 ஆள்தான் பழைய உயர்ந்த லெவலுக்குத் திரும்பினார். இதைத் தெரிஞ்சுக்கிட்டு கத்தி வைக்கறதும் தெரியாம வைக்கறதும் ஒண்ணு இல்ல.

இப்ப உங்க நிலைமைக்கு வாங்க. மூணு நாள்ல ஃபைனல், வலி பத்துக்கு மூணு, பலம் குறையலன்னா, டேப் டெஸ்ட்ல மாத்தம் தெரிஞ்சா ஒட்டிக்கிட்டு ஆடுங்க, ஓவரையோ சர்வ் எண்ணிக்கையையோ குறைச்சுக்கங்க. அதே மூணு நாள், ஆனா கையைத் தூக்கும்போது பலமே இல்ல, ராத்திரி முழுக்க வலின்னா எந்த ஃபைனலும் வேணாம். சீசன் நடுவுல இருக்கீங்கன்னா எறியறதைப் பாதியாக்கி, வாரத்துல மூணு நாள் ரிஹாப், தேவைப்பட்டா அந்த செஷனுக்கு மட்டும் டேப். ஆஃப் சீசன்னா டேப்பே வேணாம், 12 வாரம் முழுசா லோடு ஏத்தற நேரம் அது. வலி போனவங்க, இன்னும் வராதவங்க ரெண்டு பேருக்கும் வார்ம்அப்லயே வேலை இருக்கு: நார்வேல 660 டாப் லெவல் ஹேண்ட்பால் ப்ளேயர்ஸை வச்சு பண்ண ஸ்டடில, வார்ம்அப்போட சேத்து வாரத்துக்கு மூணு தடவை, பத்து நிமிஷம் தோள் எக்சர்சைஸ் பண்ண டீம்கள்ல தோள் பிரச்சனைக்கான வாய்ப்பு 28 சதவீதம் கம்மியா இருந்துது.

திரும்ப எறிய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வெளிப்பக்கம் திருப்பற பலம் உள்பக்கப் பலத்துல குறைஞ்சது மூணுல ரெண்டு பங்காவது இருக்கணும், அசைவு முழுசா வலி இல்லாம வரணும். அப்புறம் இன்டர்வல் த்ரோயிங், பேஸ்பால்ல 45 அடில ஆரம்பிச்சு 60, 90, 120, 150, 180னு போவாங்க, நடுவுல ஒரு நாள் இடைவெளி விட்டு. 60 அடில வலிச்சு மறுநாளும் இருந்தா 45க்கு இறங்கணும், ஈகோ பாக்கக் கூடாது. நீச்சல்காரங்க கைல மாட்டற பேடில் இல்லாம, தூரத்தைக் குறைச்சு இதே மாதிரி ஏறலாம். இந்தக் கட்டத்துல மட்டும் டேப்பை எடுத்துட்டு எறியுங்கன்னு நான் சொல்வேன், வலி எந்த அடில வருதுங்கறதை வச்சுதான் அடுத்த நாள் தூரத்தை முடிவு பண்றோம், அந்த வலியை டேப் மறைச்சா தூரத்தை எதை வச்சு ஏத்தறது?